4.3, பிறகு 4.7: அப்பாவின் பெருந்தமனி வீக்கம் வளர்ந்துவிட்டதா?

வாசகர் கேள்வி:

என் அப்பாவுக்கு 72 வயது. நாற்பது ஆண்டுகள் புகைபிடித்தவர். மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் விட்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்று ஏழு மாதங்களுக்கு முன் வயிற்று ஸ்கேன் எடுத்தபோது, பெருந்தமனியில் 4.3 செ.மீ. வீக்கம் இருப்பது தற்செயலாகத் தெரியவந்தது. சென்ற வாரம் வேறொரு மையத்தில் எடுத்த ஸ்கேன் அறிக்கையில் “4.4 × 4.7 செ.மீ., தமனி வளைந்து காணப்படுகிறது” என்று எழுதியிருக்கிறார்கள். அவருக்கு எந்த வலியும் இல்லை. ஏழு மாதத்தில் 4 மி.மீ. வளர்ந்துவிட்டது, உடனே அறுவை சிகிச்சை செய்யுங்கள் என்கிறார் ஓர் உறவினர். அல்ட்ராசவுண்டை நம்பாதீர்கள், சி.டி. எடுங்கள் என்கிறார் இன்னொருவர். அப்பாவோ குனிந்து நிமிரவே பயப்படுகிறார். நாங்கள் என்ன செய்யவேண்டும்? நான் அவருடைய மகள், எனக்கு 46 வயது. தம்பிக்கு 43, அவனும் புகைபிடிப்பவன். அப்பாவின் அண்ணனுக்கு 76. எங்களில் யாருக்காவது ஸ்கேன் தேவையா?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதத்தில் பல கேள்விகள் இருந்தாலும் எல்லாமே அந்த 4 மி.மீ.-ஐச் சுற்றித்தான் வருகின்றன. எனவே முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தந்திருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால், வீக்கம் 4 மி.மீ. வளர்ந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வளரவே இல்லை என்று உறுதி கூறவும் முடியாது. இரண்டு மையங்களும் தமனியின் ஒரே இடத்தை, ஒரே திசையில், சுவரின் ஒரே விளிம்பிலிருந்து அளந்தனவா என்பது தெரியாதவரை, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து வரும் விடைக்குப் பொருளில்லை. இந்த அளவில் இப்போதே அறுவை சிகிச்சைக்கு அவசரப்பட வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அதற்காக அறிக்கையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடவும் கூடாது. இதைக் கண்காணிக்க அல்ட்ராசவுண்டே தகுந்த கருவி. அதை ஒழுங்காகப் பயன்படுத்துவது எப்படி என்பதைத்தான் நாம் பார்க்கவேண்டும்.

வயிற்றுப் பகுதியில் பெருந்தமனியின் இயல்பான குறுக்களவு ஏறத்தாழ 2 செ.மீ. பெண்களுக்குச் சற்றுக் குறைவாக இருக்கும். அது 3 செ.மீ.-ஐத் தொட்டால் அனியூரிசம், அதாவது தமனி வீக்கம், என்று வகைப்படுத்துகிறோம். பெரும்பாலான வீக்கங்கள் சிறுநீரகத் தமனிகள் கிளைவிடும் இடத்துக்குக் கீழே, பெருந்தமனி இரண்டாகப் பிரிவதற்கு முன்னால் உள்ள பகுதியில்தான் உண்டாகின்றன. ஆண்களுக்கு 5.5 செ.மீ. எட்டும்போது அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறோம். பெண்களுக்குச் சிறிய அளவிலேயே வெடிக்கும் வாய்ப்பு கூடுதல் என்பதால் 5 செ.மீ.-இலேயே அந்தப் பேச்சு தொடங்கிவிடுகிறது. 5.5 என்ற எல்லை யாரோ தோராயமாக வகுத்ததன்று. பிரிட்டனில் 1,090 பேரைக் கொண்டு நடத்தி 1998-இல் வெளியான ஆய்வும், அமெரிக்காவில் 1,136 பேரைக் கொண்டு நடத்தி 2002-இல் வெளியான ஆய்வும், 4 முதல் 5.5 செ.மீ. வரையிலான வீக்கங்களுக்கு முன்கூட்டியே அறுவை சிகிச்சை செய்தவர்களையும், ஸ்கேன் மூலம் கவனமாகக் கண்காணிக்கப்பட்டவர்களையும் ஒப்பிட்டன. முந்திச் செய்துகொண்டவர்கள் அதனால் கூடுதல் காலம் வாழவில்லை. உங்கள் உறவினரின் அக்கறை புரிகிறது. ஆனால் அவர் சொல்லும் வழி சோதித்துப் பார்க்கப்பட்டு, பலனில்லை என்று தெரிந்துகொண்ட வழி. உங்கள் தந்தையாரின் இரண்டு அளவுகளில் பெரியதையே எடுத்துக்கொண்டாலும் அது இந்த எல்லைக்குள்தான் நிற்கிறது.

இனி அளவுக்கு வருவோம். ஸ்கேன் அறையில் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அதைத் தெரிந்துகொண்டால்தான் 4.3, 4.4, 4.7 ஆகிய மூன்றையும் சரியாகப் படிக்க முடியும். மல்லாந்து படுத்திருப்பவரின் மேல்வயிற்றில் ஜெல்லைத் தடவி, ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் கைக்கருவியான, வளைந்த முகமுடைய புரோபைக் குறுக்காக வைத்ததும், திரையின் அடியில் முதுகெலும்பின் முன்விளிம்பு வெண்ணிற வளைவாகவும் அதன் பின்புறம் கரிய நிழலாகவும் தெரியும். அந்த வளைவின் முன்னால், நோயாளியின் இடப்பக்கத்தில் உருண்டையாகத் துடிப்பது பெருந்தமனி. அதன் வலப்பக்கத்தில் சற்றுத் தட்டையாக, மூச்சை இழுத்து விடுவதற்கு ஏற்பச் சுருங்கி விரிவது கீழ்ப் பெருஞ்சிரை. இவ்விரண்டையும் பிரித்தறிந்த பிறகு புரோபை மெல்லக் கீழே நகர்த்தவேண்டும். குடலுக்குச் செல்லும் மேல் தமனி, அதற்கும் பெருந்தமனிக்கும் இடையே நுழைந்து செல்லும் இடது சிறுநீரகச் சிரை ஆகிய அடையாளங்களைக் கடந்து, தொப்புளை ஒட்டிப் பெருந்தமனி இரண்டாகப் பிரியும் இடம்வரை விடாமல் பார்த்துவிட்டு, இரண்டு கிளைகளையும் அளந்து, பிறகு புரோபைத் திருப்பி நெடுக்குவாட்டிலும் அதே பாதையைப் பார்க்கவேண்டும். அகலமான இடம் எது என்று கண்டுபிடித்து, அங்கே படத்தை நிறுத்தி, ஒரு சுவரில் ஒரு கூட்டல் குறியையும் எதிர்ச்சுவரில் இன்னொன்றையும் வைத்தால் இயந்திரம் இடைவெளியைச் சொல்லிவிடும். அந்த இரண்டு குறிகளும் எங்கே வைக்கப்படுகின்றன என்பதில்தான் நீங்கள் கேட்ட கேள்வியின் விடை இருக்கிறது.

முதலில் திசை. முன்பக்கச் சுவரிலிருந்து பின்பக்கச் சுவர்வரை அளப்பது ஒன்று. இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம்வரை அளப்பது மற்றொன்று. உங்கள் இரண்டாவது அறிக்கையில் உள்ள “4.4 × 4.7” என்பது பெரும்பாலும் இந்த வரிசையில்தான் எழுதப்பட்டிருக்கும்: முதல் எண் முன்பின் அளவு, அடுத்தது பக்கவாட்டு அளவு. முதல் அறிக்கையிலோ ஒரே ஓர் எண்தான் இருக்கிறது. அதுவும் முன்பின் அளவுதான் என்றால், ஏழு மாத மாற்றம் 4.3-இலிருந்து 4.4, அதாவது 1 மி.மீ. மட்டுமே. நீங்களும் உறவினரும் அறிக்கையின் பெரிய எண்ணை எடுத்துக்கொண்டு, அதைப் பழைய ஒற்றை எண்ணோடு ஒப்பிட்டிருக்கிறீர்கள் என்பது என் ஊகம். இதை நீங்களே பெரும்பாலும் சரிபார்த்துவிடலாம். அறிக்கையோடு தந்த படத்தைப் பாருங்கள்: குறுக்குவெட்டுப் படத்தில், இரண்டு கூட்டல் குறிகளையும் இணைக்கும் புள்ளிக்கோடு மேலிருந்து கீழாகச் சென்றால் அது முன்பின் அளவு, கிடையாகச் சென்றால் பக்கவாட்டு அளவு. எல்லா மையங்களும் ஒரே வரிசையில் எழுதுவதில்லை என்பதால், அறிக்கையின் எண்ணைவிடப் படத்தை நம்புவது நல்லது.

இவ்விரண்டில் முன்பின் அளவைத்தான் நாங்கள் பெரிதும் நம்புகிறோம். ஒலிக்கற்றை செல்லும் பாதையிலேயே இருக்கும் முன்சுவரும் பின்சுவரும் அதை நேர் எதிராகத் திருப்பி அனுப்புவதால் கூர்மையான கோடுகளாகத் தெரியும். பக்கச் சுவர்கள் கற்றைக்கு இணையாக அமைந்திருப்பதால் அவற்றின் எதிரொலி மங்கலாக வரும். கற்றையின் குறுக்கே உள்ள நுண்ணியத்தை அது செல்லும் திசையில் உள்ள அளவுக்கு அல்ட்ராசவுண்டால் பிரித்துக் காட்ட முடியாது. ஒரே நோயாளியின் பக்கவாட்டு அளவை இரண்டு பேர் எடுத்தால், முன்பின் அளவைக் காட்டிலும் அதிக வேறுபாடு வருவது அதனால்தான்.

அடுத்தது சாய்வு. “தமனி வளைந்து காணப்படுகிறது” என்று அறிக்கையில் ஒரு வரி இருக்கிறதே, அதை வீட்டில் யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டீர்கள். எனக்கு அந்த வரிதான் முதலில் கண்ணில் பட்டது. வயது ஏற ஏற, வீக்கம் கண்ட பெருந்தமனி நேராக இறங்காமல் பக்கவாட்டில் வளைந்து இறங்குவது வழக்கம். உடலின் குறுக்கே நேராகப் புரோபை வைக்கும்போது, உடலுக்கு அது நேர்க்குறுக்காக இருந்தாலும் வளைந்து செல்லும் தமனிக்குச் சாய்வாகிவிடுகிறது. மூங்கிலைச் சாய்வாக வெட்டினால் வெட்டுவாய் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாகத் தெரிவதைப்போல, தமனியும் ஒரு பக்கம் நீண்டு தெரியும். 4.4 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு குழாயை 20 டிகிரி சாய்வில் வெட்டினால் நீளவாட்டு அளவு கிட்டத்தட்ட 4.7 செ.மீ. வரும், இது வெறும் வடிவக்கணக்கு. உங்கள் தந்தையாரின் அறிக்கையில் உள்ள எண்களோடு இது அப்படியே பொருந்துவதால் இதுதான் நடந்தது என்று நான் சாதிக்கவில்லை. உண்மையிலேயே பக்கவாட்டில் அகன்ற வீக்கங்களும் உண்டு. ஆனால் சாய்வால் வந்த கூடுதலா, நிஜமான அகலமா என்பதைப் பிரித்துப் பார்க்காமல் 4.7-ஐ எடுத்துக்கொள்வதை நான் ஏற்கமாட்டேன். தமனியின் போக்குக்குச் செங்குத்தாகப் புரோபைச் சற்றுத் திருப்பி அளந்தால் இது தீர்ந்துவிடும். நெடுக்குவாட்டுப் படத்தில் இதற்கு நேர்மாறான பிழையும் நிகழலாம்: ஒலிக்கற்றை தமனியின் நடுவழியாகச் செல்லாமல் ஓரமாக வெட்டிச் சென்றால், உள்ளதைவிடச் சிறியதாக அளவு வந்துவிடும். அதனால்தான் இரண்டு தளங்களிலும் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்கிறோம்.

மூன்றாவது விஷயம் சுவரின் விளிம்பு. தமனிச் சுவருக்கும் ஒரு தடிமன் உண்டு. வெளிவிளிம்பிலிருந்து எதிர்ப்பக்க வெளிவிளிம்புவரை அளக்கும் முறை ஒன்று, உள்விளிம்பிலிருந்து உள்விளிம்புவரை அளக்கும் முறை ஒன்று, முன்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து பின்சுவரின் உள்விளிம்புவரை அளக்கும் முறை ஒன்று என மூன்று பழக்கங்கள் உலகெங்கும் நிலவுகின்றன. பிரிட்டனின் தேசியப் பரிசோதனைத் திட்டம் உள்விளிம்பு முறையைப் பின்பற்றுகிறது. வேறு பல இடங்களில் வெளிவிளிம்பு முறையே வழக்கம். ஒரே நாளில், ஒரே படத்தில், ஒரே ஆள் இரண்டு முறைகளிலும் அளந்தால்கூட விடை சில மி.மீ. வேறுபடும். இதை அறிக்கையில் எழுதாமல் விட்டுவிடுவது எங்கள் துறையில் பரவலாக உள்ள ஒரு கெட்ட பழக்கம் என்பதை நான் சொல்லியே ஆகவேண்டும். எண்ணை மட்டும் எழுதிவிட்டு முறையை எழுதாத அறிக்கை, அடுத்த முறை ஒப்பிட வருபவருக்குப் பாதிப் பயனைத்தான் தரும்.

இதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீக்கங்களின் உட்சுவரில் பழைய ரத்த உறைவு அடுக்கடுக்காகப் படிந்திருக்கும். ரத்தம் ஓடும் வழி அதன் நடுவே குறுகலாக, கருமையாகத் தெரியும். உறைவு மங்கிய சாம்பல் நிறத்தில் இருக்கும். அனுபவம் குறைந்தவர்கள் நடுவே தெரியும் அந்தக் கரிய வட்டத்தையே தமனி என்று எண்ணி அளந்துவிட்டால், 5 செ.மீ. வீக்கம் 3 செ.மீ. என்று அறிக்கையில் பதிவாகிவிடக்கூடும். ரத்த ஓட்டத்தை வண்ணமாகக் காட்டும் டாப்ளர் முறையில் வண்ணம் நிரம்புவது ரத்தம் ஓடும் பகுதியில் மட்டுமே என்பதால், வண்ணத்தை நம்பி அளந்தாலும் இதே பிழைதான் நேரும். அளக்கவேண்டியது உறைவையும் உள்ளடக்கிய முழுத் தமனியை. உங்கள் முதல் ஸ்கேன் சிறுநீர்ப்பையையும் புராஸ்டேட்டையும் பார்ப்பதற்காக எடுக்கப்பட்டது. பெருந்தமனியைப் போகிற போக்கில் கண்டு குறித்திருக்கிறார்கள். அதைக் கவனித்துக் குறித்தவரைப் பாராட்டவேண்டும், ஆனால் அவர் முழுத் தமனியையும் தேடி அளந்திருப்பார் என்று எதிர்பார்ப்பது சரியன்று. 4.3 என்பது அன்றைய உண்மையான அளவைவிடச் சற்றுக் குறைவாகவே பதிவாகியிருக்கவும் வாய்ப்பிருக்கிறது.

இத்தனையையும் ஒழுங்காகச் செய்தாலும், பயிற்சி பெற்ற இரண்டு பேர் ஒரே வீக்கத்தை அளக்கும்போது 2 முதல் 5 மி.மீ. வரை வேறுபாடு வருவது சகஜம். இதயம் சுருங்கும்போதும் தளரும்போதும் தமனியின் அகலமே ஒன்றிரண்டு மி.மீ. மாறும். இந்த அளவிலான வீக்கங்கள் சராசரியாக ஓர் ஆண்டில் வளர்வதோ 2 அல்லது 3 மி.மீ.தான். அளவீட்டின் தடுமாற்றமே ஓராண்டு வளர்ச்சிக்குச் சமமாக இருக்கும்போது, இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுத்த இரண்டு ஸ்கேன்களை வைத்து வேகத்தைக் கணக்கிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பேச்சுக்கு அந்த 4 மி.மீ. முழுவதும் வளர்ச்சியே என்று கொண்டாலும், ஆண்டுக்கு 7 மி.மீ. என்றாகிறது. அது சராசரியைவிட வேகமானது, கவனிக்கவேண்டியது. ஆனால் ஆண்டுக்கு 10 மி.மீ.-ஐத் தாண்டினால்தான் அளவைப் பொருட்படுத்தாமல் உடனடியாக ரத்தக்குழாய் அறுவை மருத்துவரிடம் அனுப்புவது வழக்கம்.

ஆகவே உங்கள் முதல் வேலை இரண்டு ஸ்கேன்களின் படங்களையும், அறிக்கைகளை மட்டுமல்லாமல் முடிந்தால் கணினிப் பதிவுகளாகவும், கேட்டு வாங்குவது. அவற்றை ஒரே கதிரியக்க மருத்துவரிடம் கொடுத்து, இரண்டிலும் முன்பின் அளவை ஒரே முறையில் மறுபடி அளந்து தரும்படி கேளுங்கள். பழைய படத்திலேயே குறிகளை மறுபடி வைத்து அளப்பது சில நிமிட வேலைதான். பெரும்பாலான சந்தேகங்கள் இந்த ஒரு படியிலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு மூன்று மாதம் கழித்து ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள். இனி வரும் எல்லா ஸ்கேன்களையும் அதே மையத்தில், கூடுமானால் அதே மருத்துவரிடமே எடுங்கள். மற்ற எதையும்விட இது முக்கியம். மூன்று மாதத்துக்குப் பிறகு எவ்வளவு இடைவெளி என்பதில் நாடுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. அமெரிக்க ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் சங்கத்தின் 2018 வழிகாட்டுதல் 4.0 முதல் 4.9 வரை ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்கிறது. பிரிட்டனின் திட்டமோ 4.5 செ.மீ.-ஐத் தாண்டினால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை அழைக்கிறது. உங்கள் தந்தையாரின் அளவு இந்தக் கோட்டை ஒட்டியே நிற்பதால், அடுத்த ஸ்கேனில் 4.4 அல்லது 4.5 என்றே நிலைத்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்ப்பது நியாயமான நடுவழி என்பேன். அவரை நேரில் பார்க்கும் மருத்துவர் வேறு மாதிரி சொன்னால் அதைப் பின்பற்றுங்கள்.

அடுத்த ஸ்கேனுக்குப் போகுமுன் ஆறு மணி நேரம் உண்ணாமல் இருக்கச் சொல்லுங்கள். குடலில் வாயு குறைவாக இருந்தால்தான் பெருந்தமனி தெளிவாகத் தெரியும். ரத்த அழுத்த மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு வழக்கம்போலச் சாப்பிடலாம். வாயு மறைத்தால் புரோபால் மெதுவாக அழுத்தி அதை ஒதுக்குவோம், அல்லது ஒருக்களித்துப் படுக்கவைத்து விலாப்பக்கத்திலிருந்து பார்ப்போம். அந்த அழுத்தத்தில் வீக்கம் வெடித்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அறிக்கையில் அதிகபட்ச முன்பின் அளவு, அது எந்த விளிம்பிலிருந்து எந்த விளிம்புவரை எடுக்கப்பட்டது, வீக்கம் சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே தொடங்குகிறதா, கீழே பிரியும் இரண்டு தமனிகளின் அளவு என்ன, தெளிவாகத் தெரியாத பகுதி ஏதும் உண்டா ஆகியவை இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கேட்பதில் தவறில்லை, நல்ல மருத்துவர் அதை விரும்பவே செய்வார். அதே நாளில் இரண்டு முழங்கால்களின் பின்புறத் தமனிகளையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் வயிற்றில் வீக்கம் உள்ள சிலருக்கு அங்கேயும் வீக்கம் இருக்கும்.

சி.டி. பற்றி உங்கள் இன்னோர் உறவினர் சொன்னதற்கு வருகிறேன். அல்ட்ராசவுண்டை நம்பாதே என்பது மிகையான பேச்சு. பிரிட்டனில் 65 முதல் 74 வயதுவரையுள்ள 67,800 ஆண்களைக் கொண்டு நடத்தி 2002-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், ஒரு பாதியினரை அல்ட்ராசவுண்ட் பரிசோதனைக்கு அழைத்தார்கள். அவர்களிடையே தமனி வீக்கத்தால் ஏற்பட்ட மரணங்கள் நான்கு ஆண்டுகளில் 42 சதவீதம் குறைந்தன. கண்டுபிடித்ததும் தொடர்ந்து கண்காணித்ததும் அல்ட்ராசவுண்ட்தான். கதிர்வீச்சு இல்லை, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய சாய மருந்து இல்லை, எத்தனை முறை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அளக்கவேண்டிய ஒரு நோய்க்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது.

சி.டி.க்கு வேறு வேலைகள் உண்டு. அறுவை சிகிச்சை என்று முடிவானபிறகு, சிறுநீரகத் தமனிகளுக்கும் வீக்கத்துக்கும் இடையே எவ்வளவு நல்ல சுவர் மிச்சமிருக்கிறது, அது எந்தக் கோணத்தில் வளைகிறது, தொடைவழியாக ஸ்டென்ட் கிராஃப்டை, அதாவது தமனிக்குள் பொருத்தும் செயற்கைக் குழாயை, ஏற்றிவிட முடியுமா, வயிற்றைத் திறந்துதான் செய்யவேண்டுமா என்பதையெல்லாம் சி.டி. ஆஞ்சியோதான் காட்டும். உடல் பருமனாலோ வாயுவாலோ அல்ட்ராசவுண்டில் தமனி சரியாகத் தெரியாதவர்களுக்கும் அது தேவைப்படும். ஒரே ஓர் எச்சரிக்கை: எப்போதாவது சி.டி. எடுக்க நேர்ந்து, அதில் அளவு சில மி.மீ. கூடுதலாக வந்தால் பதறவேண்டாம். சி.டி. பொதுவாக அல்ட்ராசவுண்டைவிடச் சற்று அதிகமாகவே காட்டும். அதிலும் வளைந்த தமனியைச் சாய்வாக வெட்டிய படத்தில் அளந்தால் மேலே சொன்ன அதே பிழை நேரும். அல்ட்ராசவுண்ட் அளவை அல்ட்ராசவுண்டோடும் சி.டி. அளவைச் சி.டி.யோடும் மட்டுமே ஒப்பிடுங்கள்.

அல்ட்ராசவுண்டால் முடியாத முக்கியமான ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். வீக்கம் இருக்கிறதா, எவ்வளவு பெரியது என்பதை அது நன்றாகச் சொல்லும். அது கசியத் தொடங்கிவிட்டதா என்பதை நம்பகமாகச் சொல்லாது, ஏனென்றால் கசியும் ரத்தம் பெரும்பாலும் முதுகுப்புறத் திசுக்களுக்குள் பரவி ஸ்கேனுக்குத் தென்படாமல் போய்விடும். எனவே உங்கள் தந்தையாருக்குத் திடீரென்று கடுமையான வயிற்றுவலியோ, முதுகு அல்லது விலாவலியோ, அதோடு மயக்கமோ வியர்வையோ வந்தால், ஸ்கேன் மையத்தைத் தேடிப் போகாமல் நேரே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு ஆம்புலன்ஸில் கொண்டுசெல்லுங்கள். “வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் இருக்கிறது” என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். இந்த வலி சிறுநீரகக் கல், பித்தப்பை அழற்சி, சாதாரண முதுகுப் பிடிப்பு என்று பலவாறாக ஏமாற்றக்கூடியது. ஆல்பர்ட் ஐன்ஸ்டைனுக்கு இந்த வீக்கம்தான் இருந்தது. 1948-இல் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் அதன்மேல் செலோஃபேன் தாளைச் சுற்றித் தைத்துவிட்டார். அந்தக் காலத்தில் அதுவே செய்யக்கூடியதாக இருந்தது. 1955 ஏப்ரலில் அது கசிந்து வெடித்தது. மறுபடி அறுவை சிகிச்சை வேண்டாம் என்று ஐன்ஸ்டைன் மறுத்துவிட்டார். பித்தப்பை நோயைப் போலவே தோன்றும் தமனிக் கசிவுக்கு மருத்துவ வழக்கில் அவர் பெயரே இருக்கிறது.

குனியவும் நிமிரவும் அஞ்சும் அளவுக்கு உங்கள் தந்தையாரை அந்தக் கவலை பிடித்திருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. 5.5 செ.மீ.-க்குக் கீழே உள்ள வீக்கம் ஓராண்டில் வெடிக்கும் வாய்ப்பு ஆண்களுக்கு ஒரு சதவீத அளவிலோ அதற்கும் குறைவாகவோதான் இருக்கிறது. நடக்கலாம், படியேறலாம், குனிந்து செருப்பு மாட்டலாம், அன்றாட வேலைகளைச் செய்யலாம். மூச்சைப் பிடித்துக்கொண்டு பெருஞ்சுமை தூக்குவதை மட்டும் தவிர்த்தால் போதும். வீக்கத்தைச் சுருக்கும் மாத்திரை எதுவும் இல்லை, டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளை வைத்துச் செய்த முயற்சிகள் பலன் தரவில்லை. ஆனால் புகைபிடிப்பது வளர்ச்சியை வேகப்படுத்துகிறது என்பது உறுதியானது. மூன்று ஆண்டுகளாக அவர் விட்டிருப்பதே இதுவரை அவருக்குக் கிடைத்திருக்கும் சிறந்த சிகிச்சை. ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும், மருத்துவர் பரிந்துரைத்தால் கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுவதும் இதயத்தையும் மூளையையும் காக்கும். இந்த நோய் உள்ளவர்கள் பலர் இறப்பது வீக்கம் வெடித்து அல்ல, மாரடைப்பினால்தான். சிறுநீர்த் தொந்தரவு உள்ளவர் என்பதால் இன்னொரு குறிப்பு: சிறுநீர்த் தொற்றுக்கு அடிக்கடி தரப்படும் சிப்ரோஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மருந்துகளைப் பெருந்தமனி வீக்கம் உள்ளவர்களுக்கு, வேறு வழி இருந்தால், தவிர்க்கும்படி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018 டிசம்பரில் எச்சரித்திருக்கிறது. எந்த மருத்துவரிடம் போனாலும் வீக்கத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கடைசியாகக் குடும்பத்தினர். முதலில் ஸ்கேன் எடுக்கவேண்டியவர் நீங்களோ உங்கள் தம்பியோ அல்லர், உங்கள் பெரியப்பா. 65 வயதைத் தாண்டிய ஆண், கூடப்பிறந்தவருக்கு வீக்கம் உறுதியாகியிருக்கிறது என்ற இரண்டு காரணங்களே போதும். இதில் அவரும் புகைபிடித்தவர் என்றால் தயங்கவே கூடாது. அறிகுறி வரட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை, ஏனென்றால் பெரும்பாலானோருக்கு எந்த அறிகுறியும் வருவதில்லை. அந்த ஒரு ஸ்கேனில் அவருடைய அளவு இயல்பாக இருந்தால், அந்த வயதில் இனி ஆபத்தான வீக்கம் உருவாகும் வாய்ப்பு மிகக் குறைவு. பெண்களிடையே இந்த நோய் ஆண்களைவிடப் பல மடங்கு குறைவு என்றாலும், தந்தைக்கு இருப்பதால் உங்களுக்கு 50 வயதான பிறகு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. தம்பிக்கும் அதே வயதுக் கணக்குதான். அதுவரை அவருக்கு ஸ்கேன் தேவையில்லை, சிகரெட்டை விடுவதுதான் தேவை. அடுத்த முறை அப்பாவை ஸ்கேனுக்கு அழைத்துச் செல்லும்போது தம்பியையும் கூட அழைத்துப் போங்கள்; திரையில் அந்த வீக்கத்தைக் காட்டி விளக்கும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.